இடது பக்கத்து இருபத்திரண்டு துளைகள்

விசிறி சுற்றத் தொடங்கிவிட்டது. அது முதலில் காதுக்கு வராது, உள்ளங்காலுக்குத்தான் வரும். தரைக்கு அடியில் ஏதோ பெரிய மிருகம் புரண்டு படுத்த மாதிரி ஒரு நடுக்கம், அப்புறம்தான் சத்தம். தங்கபுஷ்பம் காலி டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரமாக நின்றாள். மூன்று வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிறவளுக்கு இந்தச் சத்தம் பழக்கம்தான். கல்லூரியில் எல்லோரும் டனல் என்பார்கள், அவள் மனதுக்குள் காற்றுக்கூண்டு என்று வைத்திருந்தாள். ஒரு முனையில் ஆள் உயர விசிறி, நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்த நீளமான இரும்பு அறை, அதற்குள் ஒரு கம்பியின் மேல் முழ நீளத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி லாரி. லாரியைச் செய்தது பெனிட்டா. ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த பெண், முளகுமூடு பக்கம் ஊர், தங்கபுஷ்பத்தை அக்கா என்று கூப்பிடுகிறவள், மீன் குழம்பு கொண்டுவந்தால் ஒரு துண்டு அக்காவுக்கென்று மூடியில் எடுத்து வைக்கிறவள். இன்றைக்கு அவளுக்குத்தான் சோதனை. வண்டிகளுக்குக் கூடு கட்டும் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதம் வருவதாக இருந்தவர்கள், பூஜை லீவு முடிந்த கையோடு வந்து இறங்கிவிட்டார்கள். ஆய்வுக்கூடத் தலைவர் கிறிஸ்துதாஸ் சார் வந்தவர்களிடம் மூன்று வேகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் நான்கு நிமிடம். மூன்றாவது வேகம் ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்று. அதிலும் லாரி தன் கோட்டை விட்டு விலகாமல் நிற்க வேண்டும். நிற்கும். தங்கபுஷ்பமே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். லாரியின் பின் ஓரங்களில் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக ஊசி நுழைகிற அளவுக்குத் துளைகள், அடியில் ஒரு குழாய், குழாயில் அழுத்தி வைத்த காற்று. வெளிக்காற்று லாரியை இடது பக்கம் தள்ளினால் இடது துளைகள் ஊதும், லாரி நிமிரும். வலது பக்கம் தள்ளினால் வலது துளைகள். காற்றைக் காற்றாலேயே பிடித்து நிறுத்துகிறாள் இந்தப் பெண் என்று வீட்டில் போய்ச் சொல்ல நினைத்து, வீட்டில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது என்பதால் சொல்லாமல் விட்டிருக்கிறாள். இப்போது விசிறிக்கு முன்னால் காற்றைத் திருப்பிவிடுகிற தகடுகள் திரும்பின. லாரி வலது பக்கம் ஒதுங்கியது, ஊதியது, நிமிர்ந்தது. தகடுகள் மறுபடி திரும்பின. லாரி இடது பக்கம் ஒதுங்கியது. ஒதுங்கியபடியே நின்று நடுங்கியது. நிமிரவில்லை. "என்னம்மா இது" என்றார் சார். "லீவுக்கு முந்தி நல்லா நின்னுச்சு சார்." "நின்னுச்சுன்னு நீ சொல்லுத. இவங்க பாக்கையில நிக்கலியே." பெனிட்டா விசைப்பலகையில் குனிந்தாள். அப்போதுதான் தங்கபுஷ்பத்தின் மூக்குக்கு, எங்கிருந்தோ, இல்லாத சந்தன வாசனை வந்தது.

சந்தனம். அவளுக்குத் தட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது, வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், எட்டு நாளைக்கு முன்னால், பெனிட்டா ஊருக்குப் போயிருந்தாள், சார் வராண்டாவில் நின்று எல்லாத்தையும் தொடச்சுப் பொட்டு வச்சிரு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லாத்தையும் என்றுதானே சொன்னார். கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, விசிறியின் மோட்டாருக்கு மூன்று பொட்டு, கதவோரத்துச் சிவப்புப் பொத்தான் பெட்டிக்கு ஒன்று, ஏணிக்கு ஒன்று, தன் துடைப்பத்துக்கும் ஒன்று. கடைசியாகக் கூண்டைத் திறந்து லாரியிடம் போனாள். அதற்கு மட்டும் மூன்று பொட்டோடு விட மனம் வரவில்லை. வீட்டுக்காரர் லாரி ஓட்டிய காலத்தில் பூஜையன்று முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அலங்கரிக்கலாம், பின்பக்கம் மட்டும் இவள் கைதான். பின்னாடிதான் நம்ம கண்ணு போகாது, அதை நீ பாத்துக்க என்பார். இந்தச் சின்ன லாரியின் பின் ஓரத்தில் துளைகள் வரிசையாக, ஒரே இடைவெளியில், பொட்டு வைக்கவென்றே யாரோ புள்ளி குத்திக் கொடுத்த மாதிரி இருந்தன. துளை எதற்கென்று அவளுக்குத் தெரியாதா என்ன. தெரியும். பெனிட்டா காட்டியிருக்கிறாள், உள்ளங்கையை வைத்து அந்தக் காற்றைத் தொட்டும் பார்த்திருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அது தெரிந்த இடத்திலேயே அவள் இல்லை, பதினைந்து வருடத்துக்கு முந்தின ஒரு வண்டிக்குப் பின்னால் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். மோதிர விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றிலும் அழுத்தி வைத்தாள், அழுத்தினால்தான் உதிராது. இருபத்திரண்டு. இடது பக்கம் முடிந்ததும் கிண்ணம் வழித்தாயிற்று. வலது பக்கத்துக்குச் சந்தனம் பத்தவில்லை, வெறும் குங்குமத்தைக் கீற்றாக இழுத்துவிட்டு, கோபிச்சுக்கிடாத என்று லாரியிடம் சொன்னாள். மூன்றாம் நாள் ஈரத்துணியால் துடைத்தாள். வெள்ளை வெளேரென்று ஆனது. துடைத்தாளா, உள்ளே தள்ளினாளா. கடையில் விற்கிற அந்தச் சந்தனப்பொடியில் என்னத்தைக் கலக்கிறார்களோ, காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி, சாமி படத்துக்கு வைத்ததையே கத்தி முனையால்தான் சுரண்ட வேண்டியிருக்கிறது.

இல்லை, அதுவாக இருக்காது. குழாய் எங்காவது மடங்கியிருக்கும். கம்ப்யூட்டருக்கு ஏதாவது வந்திருக்கும். கெட்டது எது நடந்தாலும் தன் கை பட்டதால்தான் என்று நினைப்பது அவளுக்கு ஒரு வியாதி, அவரே சொல்லியிருக்கிறார். தயிர்சாதத்தையும் அப்படித்தான் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், அன்றைக்கு விடியற்காலை அவள் தூக்குவாளியில் தயிர்சாதம் பிசைந்து வைத்தாள், கூட ஒரு நார்த்தங்காய்த் துண்டு. மத்தியானம் இரண்டு மணிக்கு, பிஸ்கட் பெட்டிகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, கணவாயில் மலை மறைப்பு முடிகிற இடத்தில் லாரி சாலையின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. எதிரே மொபெட்டில் பிச்சிப்பூ மூட்டையோடு வந்த ஒரு மனுஷர் அங்கேயே செத்துப்போனார். காத்து தள்ளிருச்சு என்று வீட்டுக்காரர் சொன்னார். போலீசில் சொன்னார், முதலாளியிடம் சொன்னார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளிடம் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். "சுயம்பு, காத்து தள்ளுறதுக்கு அது என்ன பட்டமாடே?" என்றார் முதலாளி. தயிர்சாதம் தின்றுவிட்டு ரெண்டு மணி வெயிலில் ஓட்டினால் யாருக்கும் கண் சொக்கும். அவளும் அப்படித்தான் நினைத்தாள், நான் ஏன் தயிர்சாதம் கட்டினேன், புளிச்சோறு கட்டியிருக்கக் கூடாதா என்றுதான் நினைத்து நினைத்து உருகினாள். தூக்குவாளி ஸ்டேஷனிலிருந்து நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது, காலியாக, மூடி நசுங்கி. அதை அவள் பரணில் போட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் தயிர்சாதம் பிசைந்ததில்லை. ஆறு வருடம் கழித்து, இங்கே வேலைக்கு வந்த முதல் மாதத்தில், ஒரு நாள் பெனிட்டா கூண்டுக்குள் புகை விட்டாள். "இங்க பாருங்கக்கா. முன்னாடி காத்து ஒழுங்காப் பிரிஞ்சு போவுது. பின்னாடி பாருங்க, சட்டியக் கவுத்த மாதிரி வெட்டி விட்டிருக்குல்லா, போறதுக்கு வழி தெரியாமச் சுழலுது. அந்தச் சுழல்தான் பிடிச்சு இழுக்கும். மொண்ணையான எதுக்கும் இதான் கதி. பக்கத்துலேருந்து ஒரு வீச்சு வந்துச்சுன்னா, அதும் வெறும் வண்டின்னா, முடிஞ்சுது." கண்ணாடிக்குப் பின்னால் புகை ஈர முடியைச் சுருட்டின மாதிரி சுருண்டு சுருண்டு பிரிந்தது. தகடுகள் திரும்பின. சின்ன லாரி, ஒரு விரல் கூடத் தொடாமல், தன்பாட்டுக்குச் சாலையின் அந்தப் பக்கத்துக்குப் போனது. தங்கபுஷ்பம் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவர் தூங்கவில்லை. இதை அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடம் ஆகிறது.

சத்தம் ஏறியது. இரண்டாவது வேகம். இன்னும் நான்கு நிமிடம், அப்புறம் மூன்றாவது. லாரி இப்போது வலிப்பு வந்த மாதிரி உதறியது. வலது பக்கம் போனால் திரும்பி வருகிறது, இடது பக்கம் போனால் கம்பி வளைகிற மட்டும் போகிறது. வந்தவர்களில் ஒருவர் மற்றவரின் காதில் என்னவோ சொன்னார், மற்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வலது வேலை செய்யுது, இடது செய்யல. அப்ப உன் கணக்குலதான் கோளாறு" என்றார் சார், வந்தவர்களுக்கும் கேட்க வேண்டும் என்கிற குரலில். பெனிட்டாவின் பின்கழுத்தில் வேர்வை கோடாக இறங்கியது. ஏசி குளிர், தங்கபுஷ்பத்துக்கே கை விறைக்கிறது, அந்தப் பெண்ணுக்கு வேர்க்கிறது. சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது. பாப்பா, ஒரு நிமிஷம். இல்லை, சார் முன்னால் பாப்பா என்று சொல்லக்கூடாது, மேடம் என்று சொல்ல வேண்டும். மேடம், நான் சந்தனம் வச்சேன். வச்சேன் என்றால் எங்கே என்பார்கள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கான்ட்ராக்ட் ஆளை எடுத்துவிட ஒரு போன் போதும், எட்டாம் வகுப்பைத் தாண்டாதவளுக்கு இந்த வயதில் இனி எங்கே. போன வருடம் ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்ததற்குக் கூட வேலை பார்த்த மரியபுஷ்பத்தை மறுநாளே வரவேண்டாம் என்றார்கள். இது வெறும் குழாயா, பாப்பாவின் உழைப்பு. மூன்று வருடம். விரலில் பிசின் ஒட்டிக்கொண்டு பிய்க்க முடியாமல் அந்தப் பெண் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள், அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி வைத்துக் குடைந்ததைப் பார்த்திருக்கிறாள். சொல்லாமல் இருந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெளியே தெரிகிற பொட்டை அவள்தான் துடைத்துவிட்டாளே. இன்றைக்கு முடியட்டும், எல்லாரும் போகட்டும், சாயங்காலம் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு தனியாக வந்து குத்தி எடுத்துவிட்டால் நாளைக்குத் தானாகச் சரியாகிவிடும். நாளைக்கு இவர்கள் இருக்கமாட்டார்களே. இன்றைக்கு நிற்காத லாரி நாளைக்கு நின்றால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள். இசக்கியம்மா, சந்தனம் கரையட்டும், உனக்குச் சேலை எடுத்துச் சாத்துகிறேன். காற்றே அடித்துத் தள்ளிவிடாதா, இவ்வளவு காற்று அடிக்கிறதே. பெனிட்டா திரும்பி அவளைப் பார்த்தாள், சிரிக்கக்கூடப் பார்த்தாள். "அக்கா, நீங்க போங்கக்கா. எதுக்கு இதப் பாத்துக்கிட்டு." தங்கபுஷ்பம் தலையாட்டினாள். கால் நகரவில்லை.

மூன்றாவது வேகத்தில் கம்பி தாங்காது. அவளுக்கு அது கணக்குப் பார்க்காமலே தெரிந்தது, வண்டிக்காரன் பெண்டாட்டிக்கு இரும்பின் முனகல் தெரியும். கம்பி விட்டால் லாரி பின்னால் பறந்து போய்க் கூண்டின் மறுமுனையில் கட்டிய வலையில் மோதித் தூளாகும். அப்புறம் அந்தத் துளைகளில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்க முடியாது. அந்த நினைப்பு வந்ததும் ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிதான், பொய் சொல்ல என்ன இருக்கிறது. உடனே, வழக்கு நடந்தபோது வக்கீல் வீட்டு வாசலில் அவரிடம் அவள் பேசினது நினைவுக்கு வந்தது. "தூங்கிட்டேன்னு ஒத்துக்கிடுங்க. ஒத்துக்கிட்டா சுருக்கா முடிஞ்சிரும்னு வக்கீல் சொல்லுதாரு. காத்து காத்துன்னா யாரு நம்புவா?" அவர் அவளைப் பார்த்தார். "நீயும் நம்பலியா?" "நான் நம்பி என்ன ஆவப்போவுது. ஒரு மனுசன் அசந்தா என்ன, தப்பா?" அவர் உள்ளே போய், தூங்கிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பதினொரு மாதம் ஜெயிலில் இருந்தார். வந்த பிறகு வண்டி ஏறவில்லை. வீட்டில் உட்கார்ந்து வயர்க்கூடை பின்னுகிறார், ஆடி மாதம் வந்தால் எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு, காற்று கதவைத் தள்ளத் தள்ள, உள்ளிருந்து ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாழ் போட்டிருக்கும், இருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பார். செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்த கை அது. இங்கே இந்தப் பெண்ணும் இன்றைக்கு எழுதிக் கொடுப்பாள், என் கணக்குத் தப்பு என்று. எழுதிக் கொடுத்துவிட்டு முளகுமூட்டுக்குப் போய்விடுவாள். "மூணாவதுக்குப் போவட்டுமா சார்?" என்று பெனிட்டா கேட்டது காதில் விழுந்தது, செத்த குரல். "போ. அதையும்தான் பாத்துருவோம்." சத்தம் ஏறத் தொடங்கியது. சுவரில், அவள் தோளுக்கு ஒரு முழம் தள்ளி, அந்தச் சிவப்புப் பொத்தான் இருந்தது. தினமும் துடைக்கிற பொத்தான், தொடாதே என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்த பொத்தான். பெட்டியின் மூலையில் அவள் வைத்த பொட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தனம் உதிரவே இல்லை, எட்டு நாள் ஆகியும். அவள் தட்டைக் கீழே வைத்தாள். உள்ளங்கையால் பொத்தானை அமுக்கினாள்.

விசிறி உடனே நிற்காது, இறங்கி இறங்கித்தான் நிற்கும்.

"யாரு ஆஃப் பண்ணுனது?"

"நாந்தான் சார்."

"ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"கணக்குத் தப்பு இல்ல சார். பாப்பா கணக்கு சரியாத்தான் இருக்கு. நான் பூசைக்குச் சந்தனம் வச்சேன், அந்த ஓட்டையில. அடச்சுக்கிட்டு." கண்ணாடிக்குள் இருந்த லாரியைக் கையால் காட்டினாள். "இடது பக்கம் மட்டும். இருபத்திரண்டும். வலது பக்கத்துக்குப் பத்தல."

வந்தவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சார் சிரிக்கவில்லை. பெனிட்டா எழுந்து கூண்டைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தை லாரியின் பின் ஓரத்தில் வைத்துக் குனிந்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள். நகத்தால் ஒன்றைச் சுரண்டி, விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். தங்கபுஷ்பத்துக்கு அந்த முதுகைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. திட்டட்டும், அடிக்கட்டும், திரும்பினால் போதும்.

"அக்கா, ஊக்கு இருக்கா?"

தாலிச் சங்கிலியில் கோத்திருந்ததில் சின்னதாக ஒன்றைக் கழற்றினாள். "குடுக்காதீங்க, நீங்களே எடுங்க" என்றாள் பெனிட்டா. "எனக்குக் கை நடுங்குது." தங்கபுஷ்பம் ஊக்கை முதல் துளைக்குள் விட்டாள். ஒன்று. இரண்டு. மஞ்சள் தூளாக உதிர்ந்தது. பின்னால் சார் போனில் கான்ட்ராக்ட் சூப்பர்வைசரைக் கூப்பிடுவது கேட்டது. ஏழு. எட்டு. வந்தவர்களில் வயதானவர் அருகே வந்து நின்று, "எங்க பஸ்லயும் இதான் நடக்கும். நம்ம ஊர்ல பூசைக்கு அடைக்காத மாதிரி ஒரு மூடி போடணும்மா" என்று பெனிட்டாவிடம் சொன்னார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. இருபத்தொன்று. இருபத்திரண்டு. பெனிட்டா குழாயைத் திறந்தாள். தங்கபுஷ்பத்தின் உள்ளங்கையில் காற்று வந்து மோதியது, இருபத்திரண்டு இடத்தில், ஊசி ஊசியாக. "நீ வெளிய நில்லு. பொறவு பேசிக்கிடுதேன்" என்றார் சார்.

வராண்டாவில் வெயில் விழுந்திருந்தது. கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் அந்த நடுக்கம் வந்தது, மறுபடி முதலிலிருந்து. பார்க்க முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். முதல் வேகம் ஒரு யுகமாகப் போனது. இரண்டாவது. கம்பி முனகுகிறதா என்று சுவரில் காதை வைத்தாள், சுவர் முழுக்க ஒரே இரைச்சல். வேலை போய்விட்டது என்பது இப்போதுதான் உறைத்தது, சாயங்காலம் என்ன சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது. சேலை மடிப்பிலிருந்து போனை எடுத்தாள். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமலே பொத்தானை அமுக்கினாள்.

"என்ன?" என்றார் சுயம்பு.

உள்ளே சத்தம் ஏறிக்கொண்டே போனது, கதவின் கண்ணாடி அதிரத் தொடங்கியது.

"என்னட்டி அது சத்தம்?"

"காத்து."

"எங்க நிக்க நீ? செவத்தோரமா ஒதுங்கி நில்லு."

"ஒதுங்கித்தான் நிக்கேன்." அவள் சுவரில் சாய்ந்தாள். "அன்னைக்கு நீங்க தூங்கல. என்ன?"

வைத்துவிட்டார் என்று நினைத்தாள். காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நான் தயிர்சாதம் கட்டிக் குடுத்தேன். அதுனாலதான்னு நெனச்சிட்டேன். ஆறு வருசமா."

"அதை நான் எங்க தின்னேன்" என்றார் அவர். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "காத்து கொறையட்டும், மலையத் தாண்டி நிறுத்தித் தின்னுக்கிடலாம்னு வச்சிருந்தேன். வண்டி சாயும்போது முழுக்க எம்மேலதான் கொட்டிச்சு. நீ கேக்கவே இல்லியே புஷ்பம்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஆடி மாதக் காற்று முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எதுவும் முறிகிற சத்தம் இன்னும் வரவில்லை.